பெயரில்லாத வெள்ளை டப்பாவும் ஹட்டன் வெயிலும்

முகத்து ரோமத்தை அகற்றும் லேசர் சிகிச்சை கண்டியில் நன்றாகவே நடந்தது. அதைப்பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. என்னை எழுத வைத்தது, காசு கட்டும் மேசையில் என் கையில் திணிக்கப்பட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. மூடியில் பேனாவால் ‘இரவு’ என்று எழுதியிருந்தார்கள். மருந்தின் பெயர் இல்லை. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, எப்போது செய்தது, எப்போது கெட்டுப்போகும் என்று எதுவும் இல்லை. விலை மட்டும் ரசீதில் அழகாக அச்சாகியிருந்தது: 4,500 ரூபாய். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ மூன்று நாட்கூலி.

பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பைக் கோளாறு உள்ள பெண்கள் பலருக்குத் தாடையிலும் கழுத்திலும் தடித்த ரோமம் வளரும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. லண்டனில் தொடங்கிய சிகிச்சை இது. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு சுற்று செய்ய வேண்டும். அடுத்த சுற்று இலங்கை மலையக ஊர்ப் பயணத்துக்குள் வந்து விழுந்தது. விலையைக் கேட்டேன். லண்டன் விலையில் பாதிகூட இல்லை. சரி என்று போனேன்.

குறை சொல்வதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லேசர் ஒளியை உள்வாங்கிச் சூடாவது ரோமத்திலுள்ள மெலனின் என்கிற கறுப்பு நிறமி. அதே நிறமி நம் தோலிலும் நிறைய இருப்பதால், பொருந்தாத கருவியைப் பிடித்தால் வேரோடு தோலும் சேர்ந்து வெந்துவிடும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெள்ளைத் தோலுக்குச் சரி. கறுத்த தோலுக்கு மேல்தோலை அதிகம் சீண்டாமல் ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசர்தான் பாதுகாப்பு. லண்டனில் இதை நானே வாயைத் திறந்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கண்டியில் லேசர் செய்த பெண் நான் கேட்பதற்கு முன்பே, “நம் நிறத்துக்கு இதுதான் மிஸ்” என்று கருவியைக் காட்டினாள். இன்னொன்றும் சொன்னாள். லண்டன் துண்டுப்பிரசுரத்தில் ‘தோல் சிவக்கும்’ என்று போட்டிருப்பார்கள். நம் தோல் எங்கே சிவப்பது? “சிவப்பைத் தேடாதீர்கள் மிஸ். அந்த இடம் கொஞ்சம் கறுத்து, தொட்டால் சூடாக இருக்கும். ரோமக்கால்கள் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். ஓரிரு நாளில் அடங்கிவிடும்.” இத்தனை காலமும் எனக்கு இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அப்படிச் சொன்ன வாய்தான் டப்பாவைப் பற்றிக் கேட்டதும் மூடிக்கொண்டது.

“இதில் என்ன இருக்கிறது?”

“டாக்டர் கலந்து தருவது மிஸ்.”

“என்ன கலந்தார்?”

சிரிப்பு. டாக்டர் அன்று வருகிற நாள் இல்லையாம். எத்தனை நாள் பூச வேண்டும் என்று கேட்டேன். “முடியும் வரை” என்றாள். எது முடியும் வரை? டப்பா முடியும் வரை! அதற்குள் அடுத்தவர் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் படக் கூடாது, சுடுநீர் படக் கூடாது, இரவில் இதைப் பூசுங்கள் என்பதோடு பராமரிப்பு ஆலோசனை முடிந்தது.

லண்டனைத் தூக்கிப்பிடிக்க நான் வரவில்லை. இங்கிலாந்தில் அழகுக்காக ரோமம் நீக்கும் லேசர் நிலையங்கள் சுகாதாரக் கண்காணிப்பு ஆணையத்தில் பதிய வேண்டும் என்ற கட்டாயத்தை 2010ஆம் ஆண்டே எடுத்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு கத்தைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு நீ யாரோ நான் யாரோ என்று இருப்பவர்கள் உண்டு. ஆனால் பூசச் சொல்லிக் கொடுக்கும் களிம்பின் முதுகில் நுணுக்கி நுணுக்கியாவது நாலு வரி எழுதியிருக்கும்.

பஸ் கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று ஏறி ஹட்டனுக்கு வரும்வரை டப்பா மடியில் இருந்தது. எந்தப் பக்கம் வெயில் விழும் என்று பார்த்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடி ஷட்டரை இறக்கிவிட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். சால்வையைத் தாடை வரை இழுத்துக் கட்டிக்கொண்டேன். பக்கத்திலிருந்த பெரியவர், பல்வலியா என்று விசாரித்தார்.

வீடு வந்ததும் கிளினிக்குக்குத் தொலைபேசினேன். இந்த முறை வேறு ஒரு குரல். சேர்மானத்தைச் சொல்ல முடியாதாம். “அது எங்கள் சொந்தக் கலவை. வெளியே சொன்னால் மற்றவர்கள் செய்துவிடுவார்கள்.” என் முகத்தில் பூசுவதை நான் தெரிந்துகொண்டால் அவர்களுக்கு வியாபாரம் படுத்துவிடும். கடைசியாக ஒரு சலுகையும் சொன்னார்: “காலி டப்பாவைக் கொண்டுவாருங்கள், நிரப்பித் தருவோம். பத்து வீதம் கழிவு உண்டு.”

காலிப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். போத்தல் இல்லாமல் போனால் மிக்ஸர் என்கிற தண்ணீர் மருந்து கிடையாது. காய்ச்சலுக்கும் அதே இளஞ்சிவப்புத் தண்ணீர், வயிற்றுப்போக்குக்கும் கிட்டத்தட்ட அதே தண்ணீர். என்ன மருந்து என்று அம்மா ஒரு தடவை கேட்டதற்கு, “சொன்னால் உனக்கு விளங்குமா?” என்று மருந்துக்காரர் கேட்டார். அன்று ஊற்றிக் கொடுத்ததாவது இலவசம். அந்த வரிசையிலிருந்து படித்து வெளியேறி, கடல் தாண்டிப் போய், பவுண்டில் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தால், அதே பெயரில்லாத மருந்தைக் குளிரூட்டிய அறையில் வைத்து 4,500 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

மறுநாள் காலை வெயிலுக்கான கிரீம் தேடி ஹட்டன் டவுனுக்கு இறங்கினேன். நான் கேட்டது சன்ஸ்கிரீன்; கடைக்குக் கடை எடுத்து நீட்டியது வெள்ளையாக்கும் கிரீம். “இதிலும் சன்ஸ்கிரீன் இருக்கிறது மேடம்” என்றார்கள். ஒரு கடைப் பையன், “நம் ஊரில் எங்கே மேடம் வெயில்?” என்று வெளியே இருந்த மூடுபனியைக் காட்டினான். அண்ணியும் இதையேதான் சொன்னார். குளிர்ந்தால் வெயில் சுடாது என்பது மலையகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிரின் வலு பத்து வீதம் அளவு கூடும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. போதாததற்கு நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். லேசர் பட்ட கறுத்த தோலில் வெயில் விழுந்தால் திட்டுத் திட்டாகக் கறுத்துப்போகும். அது மறைய மாதக்கணக்கில் எடுக்கும். கொழுந்து மலையில் நிற்கும் பெண்கள் பனியானாலும் தலையையும் கழுத்தையும் துணியால் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய் எங்கே வெயில் என்று கேட்பதில்லை.

பஸ் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன பார்மசி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஒரு பெரியவர். சன்ஸ்கிரீன் என்றேன். “முகத்துக்கா? என்ன செய்துகொண்டீர்கள் மகள்?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடலாம். லண்டனில் மருந்துக்கடையில் இதைப்பற்றி வாய் திறந்தால், உங்கள் டாக்டரிடம் முன்பதிவு செய்யுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். அந்த நாள் வருவதற்குள் தாடை தானாக ஆறிவிடும். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். திறந்தார், முகர்ந்தார், மூடினார்.

“மருந்து என்றால் பெயர் இருக்கும் மகள். இதற்குப் பெயர் இல்லை. எனக்கு இது என்னவென்று தெரியாது. தெரியாததைப் பூசச் சொல்ல மாட்டேன்.”

பிறகு கடையில் ஆள் சேர்வதைப் பொருட்படுத்தாமல் விளக்கினார். லேசருக்குப் பிறகு வீக்கம் இருந்தால் லேசான ஸ்டீராய்டு களிம்பை ஓரிரு நாள் பூசச் சொல்வது டாக்டர்கள் செய்வதுதான், அதில் தவறில்லை. கடும் ஸ்டீராய்டையும் வெளுப்பாக்கும் ஹைட்ரோகுயினோனையும் கலந்து முகத்துக்கு என்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதை வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் முகம் எரியும். “இன்னொன்றும் நடக்கும். பூசிய இடத்தில் ரோமம் வளரும். எடுக்கவும் காசு, வளர்க்கவும் காசா மகள்?”

வரிசையில் நின்ற ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். டப்பாவை அங்கேயே குப்பைக் கூடையில் போடச் சொல்லிவிட்டேன்.

அவர் எனக்கு விற்றவை: வாசனை சேராத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன். இரண்டும் சேர்ந்து டப்பா விலைக்குக் கீழே. ஐஸை நேரே வைக்காமல் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஒற்றச் சொன்னார். கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சை, வாசனைச் சோப்பு, பருக்களிம்பு எதுவும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நூல் போட்டுப் பிடுங்கவே கூடாது. அடுத்த சுற்றில் லேசர் தேடிப்போகும் வேரையே பிடுங்கிவிட்டால் அது எதைச் சுடும்? அவசரம் என்றால் சவரம் செய்துகொள்ளலாம், அதனால் ரோமம் தடிக்காது. கொப்புளமோ சீழோ வந்தால் கடைக்கு வராமல் நேரே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். இதை எல்லாம் சொன்னதற்குக் காசு வாங்கவில்லை. கிளினிக் காசு வாங்கிக்கொண்டு சொல்லாமல் விட்டது.

வீட்டில் வேறு போராட்டம். ஊருக்கு வந்தவளுக்கு அண்ணி விறகடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்திருந்தார். மலையகத்தில் விருந்தாளிக்குச் செய்யும் முதல் மரியாதையே அதுதான். சூடு பட்ட ரோமக்காலுக்கு முதல் ஓரிரு நாள் மேலும் சூடு ஆகாது. கழுத்துக்குக் கீழே வெதுவெதுப்பாகவும் முகத்துக்குப் பச்சைத் தண்ணீருமாகக் குளித்தேன். அந்தக் குளிரில் அது தண்டனை. அண்ணி மனம் வாடிப்போனார். மாலையில் எல்லோரும் அடுப்பங்கரையில் சாயத் தண்ணி என்கிற வெறுந்தேநீரோடு குந்தியிருக்க, நான் மட்டும் வாசற்படிப் பக்கம் உட்கார்ந்து கத்திக் கத்திக் கதைத்தேன்.

அடுத்த வாரம் தாடையில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. கருகிய ரோமம் வெளியே தள்ளப்படும்போது அப்படித்தான் இருக்கும். வளர்ச்சி என்று பயப்பட வேண்டாம். அண்ணிக்கு அது அழுக்கு. பீர்க்கங்காய் நாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தேய்த்தால் கறுத்துவிடும் என்று கெஞ்சித் தப்பினேன். எல்லாம் தானாக உதிர்ந்தது. தழும்பும் இல்லை, கறையும் இல்லை.

புறப்படும்போது மிச்சமிருந்த சன்ஸ்கிரீனை அண்ணன் மகளிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“அத்தை, இதைப் பூசினால் வெள்ளையாவேனா?”

“ஆக மாட்டாய். இருக்கிற நிறம் கெடாமல் இருக்கும்.”

“அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்தாள்.