பிள்ளைகளுக்குப் பல்லாங்குழி: எந்தப் பலகை வாங்கலாம்?

பிள்ளைகள் விளையாடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மடக்கும் மரப்பலகையே சரி. மூடினால் காய்கள் உள்ளேயே கிடக்கும். கொக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று கடையிலேயே ஆட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் பலகைக்கு எடை போதாது. முழங்கை பட்டாலே நகர்ந்து காய்கள் கலையும், சண்டை அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது குழியின் ஆழம். ஆட்டத்தின் நடுவில் ஒரே குழியில் 10, 15 காய்கூடச் சேரும். 15 புளியங்கொட்டை போட்டுப் பாருங்கள், வழிந்தால் வேண்டாம். கீல் துருத்திக்கொண்டு, விரித்த பலகை தரையில் படியாமல் ஆடினாலும் வேண்டாம். வரவேற்பறை அழகுக்கென்று செய்த பலகைகளில் இதையெல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

காய்க்குப் புளியங்கொட்டையை மிஞ்ச எதுவும் இல்லை. சிறு கையில் 5, 6 சோழி அடங்காது. கறுப்புப் பொட்டு வைத்த குன்றிமணி இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், அது கொடிய நஞ்சு. முழுச்சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு. அதை வைத்து ஆடலாம். 3 வயதுக்குட்பட்ட குழந்தை பக்கத்தில் இருந்தால் எந்தக் காயும் ஆபத்துதான், தொண்டையில் சிக்கும்.

இந்த ஆட்டத்தின் உயிர் ‘பசு’ விதியில் இருக்கிறது. காய் போட்டுக்கொண்டு போகையில் ஒரு குழியில் 4 சேர்ந்தால், யார் ஆடினாலும் அந்தக் குழிக்காரர் அதை அள்ளிக்கொள்ளலாம். ஐந்தாவது காய் விழுந்துவிட்டால் போச்சு. அதனால் தன் முறை வராத பிள்ளையும் எதிராளியின் விரலைவிட்டுக் கண்ணெடுக்காது. பொறுமையாக இரு என்று சொல்லிச் சொல்லி வராத பழக்கம் இதில் தானாகவே படிகிறது. எதிரே இருப்பவர் அடுத்து எந்தக் குழியை எடுப்பார் என்று ஊகிக்கவும் தொடங்கிவிடும்.

வழக்கமாக 14 குழிக்கும் ஐந்தைந்தாக 70 காய். 5 வயதுப் பிள்ளைக்கு இது நீளம். மும்மூன்றாக 42 போதும். ஆனால் அப்போது பசுவை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் காய் விழுந்ததுமே குழி நான்காகிவிடும். இரண்டாம் சுற்றில் தோற்றவர் பக்கம் சில குழிகள் நிரம்பாமல் மூடப்படும். சின்னப் பிள்ளை அழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், எனவே 7 வயது வரை ஒரு சுற்றோடு நிறுத்துங்கள்.

விதி ஊருக்கு ஊர் மாறும். எந்தப் பக்கமாகச் சுற்றுவது, பசு உண்டா, அடுத்தடுத்து இரண்டு குழி காலியாக இருந்தால் என்ன என்பதை முன்பே பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். பேசி முடிப்பது அவர்களாகவே இருக்கட்டும். பெரியவர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து “அந்தக் குழியை எடுடா” என்றால், எதிரே இருக்கும் பிள்ளைக்கு ஆட்டமே விட்டுப்போகும்.

வீட்டில் மூன்று, நான்கு பிள்ளைகள் இருந்தால், இருவர் ஆடும் இந்த ஒரு பலகை போதாது. கூடவே ஒரு தாயக்கட்டையும் வாங்குங்கள்; நான்கு பேர் சேர்ந்து ஆடலாம்.