ஹாஃப் ஸ்லைஸ் கயாக்: கிளாஸ் 3 ஆத்துக்கு எடுக்கலாமா?

மொதல்லயே சொல்லிடுறேன், உங்களுக்கு ரோல் (கவுந்த கயாக்க உள்ள ஒக்காந்தபடியே நிமித்துறது) இன்னும் ஒரு தடவ வந்தா ஒரு தடவ வராத நெலமைல இருக்குன்னா இந்த கயாக் பக்கம் இப்போதைக்கு வராதீங்க, நல்லா அகலமா, பின்பக்கம் கொழுகொழுன்னு இருக்குற ரிவர் ரன்னர் ஒண்ணு எடுத்துக்கங்க, நிம்மதியா இருக்கும். ரோல் கைக்கு வந்தாச்சு, கிளாஸ் 3 ரேபிட்டெல்லாம் (நடுத்தர கஷ்டத்துல வேகமா பாயுற தண்ணி) பழகிப்போச்சு, ஒவ்வொரு வாட்டியும் அதே பாறைக்கு எடப்பக்கம் அதே லைன்ல இறங்கி கொட்டாவி வருதுன்னா மேல படிங்க.

தெரியாதவங்களுக்கு: ஹாஃப் ஸ்லைஸ்ல முன்பாதி சாதாரண ஆத்து கயாக் மாதிரியே தடியா, மூக்கு மேல வளைஞ்சு இருக்கும். பின்பாதிய மட்டும் தோசைக்கரண்டி மாதிரி தட்டையா அமுக்கி விட்டிருப்பாங்க. நீளம் ஏறக்குறைய 9 அடி. பிரானா ரிப்பர், டாகர் ரிவைண்ட் எல்லாம் இந்த வகை தான். நான் ஓட்டுறது வேற ஒரு கம்பெனியோடது, பேரு சொல்லல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கு.

இந்த டிசைன் கிளாஸ் 3க்கு ஏன் பொருந்துதுன்னா, அமெரிக்கன் ஒயிட்வாட்டர் அமைப்போட 1லேருந்து 6 வரைக்கும் போற அளவுகோல்ல 3ங்கிறது தான் இன்டர்மீடியட். அலை ஒழுங்கில்லாம வரும், சிலத தவிர்க்கவும் முடியாது, மேல மூடாத கனோவா இருந்தா உள்ள தண்ணி ரொம்பிடும், வேகமான ஓட்டத்துல சந்துபொந்துல திருப்பி ஓட்டத் தெரியணும். ஆனா பெரிய அலையோ, விழுந்து கெடக்குற மரமோ இருந்தாலும் ஒதுங்கிப் போக வழி இருக்கும், வெளிய விழுந்து நீந்துனாலும் அடிபடுறது அபூர்வம். அதாவது கவுந்தா அவமானம் தான், ஆபத்து கம்மி. அப்படிப்பட்ட ஆத்துல கஷ்டத்த நாமளே கொஞ்சம் கூட்டிக்கலாம்ல, அதுக்குத் தான் இந்த கயாக்கு. ஆறு அதே தான், ஆனா இதுவரைக்கும் கண்டுக்காம தாண்டிப் போன ஒவ்வொரு எடி லைனும் இப்ப ஒரு வேல குடுக்கும்.

எடி லைன் தான் இதுல முழு கதையும். பாறைக்குப் பின்னாடி தண்ணி திரும்பி மேல்நோக்கி வருது, அதுக்குப் பக்கத்துலயே மெயின் ஓட்டம் கீழ போகுது, ரெண்டும் உரசுற கோட்டுல குட்டிக் குட்டி சுழியா ஓடிக்கிட்டே இருக்கும். சாதா கயாக்குல அந்தக் கோட்ட தாண்டும்போது ஓட்டம் போற கீழ்ப்பக்கமா எட்ஜ, அதாவது கயாக்கோட ஓரத்த, சாச்சுட்டு, ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சது. இதுல நீங்க வேணும்னே ஓட்டம் வர்ற மேல்பக்க எட்ஜ கொஞ்சம் எறக்கி, துடுப்ப பின்னாடிலேருந்து முன்னாடி தள்ளுனீங்கன்னா, வர்ற ஓட்டம் அந்த தட்டையான பின்பக்கத்து மேல ஏறி அத அப்படியே கீழ அமுக்கும். மூக்கு எந்திரிக்கும். முழங்காலுக்கு முன்னாடி இருந்த டெக்கு (கயாக்கோட மேல்மூடி) இப்ப மூஞ்சிக்கு நேரா, முதுகுல ஸ்கர்ட் (ஒக்கார்ற ஓட்டைய, அதாவது காக்பிட்ட, மூடுற உறை) ஓரம் வரைக்கும் தண்ணி, கயாக் செங்குத்தா நின்னு மெதுவா சுத்துது. இங்க உடம்பு பின்னாடி சாஞ்சா கவுந்தீங்க. முன்னாடி குனிஞ்சு, பாக்க வேண்டிய பக்கம் தலைய திருப்பி, துடுப்பு தண்ணிய விடாம இருந்தா மூக்கு தானா எறங்கி வந்து ஒக்காரும். இத ஸ்டெர்ன் ஸ்கர்ட்னு சொல்றாங்க, இல்ல, ஸ்டெர்ன் ஸ்குவர்ட், இடுப்புல கட்டுற ஸ்கர்ட் வேற, எங்க க்ரூப்ல ரெண்டையும் ஒண்ணாவே சொல்லி பழகிட்டாங்க.

பிரச்சனை என்னன்னா, நீங்க கேக்காதப்பவும் இது நடக்கும். களைச்சுப் போய் எட்ஜ மறந்துட்டு எடிக்குள்ள நுழைஞ்சா பின்பக்கம் மாட்டி, வெளையாட நெனைக்காமலே வானத்தப் பாத்துட்டு நிப்பீங்க. சின்ன படி மாதிரி இருக்குற லெட்ஜ்ல இறங்கும்போதும் அதே தான், கொழுத்த கயாக்குல லேசா பின்னாடி சாஞ்சாலும் பின்பக்கம் தாங்கிக்கும், இது தாங்காது, கீழ ஹோல்ல, அதாவது விழுந்த தண்ணி திரும்பிச் சுருளுற எடத்துல, வர்ற தண்ணி பின்னாடிய புடிச்சு இழுக்கும். கடைசி இழுப்ப விளிம்புலயே போட்டு, எடைய முன்னாடி வெச்சு எறங்குனா மட்டும் ஒழுங்கா வரும். ரெண்டு மூணு கவுத்தலுக்கு அப்பறம் ஒடம்பு தானா குனிய ஆரம்பிச்சுடும். எனக்கு இந்த கயாக்க புடிச்சதே இதுக்காகத் தான், சோம்பேறித்தனத்த மன்னிக்காது.

வேகத்துல குறையே இல்ல. 6 அடி ப்ளேபோட் (வித்த காட்டுற குட்டி கயாக்) ஓட்டிட்டு இதுக்கு வந்தா மோட்டார் வெச்ச மாதிரி இருக்கும். ஓட்டத்த குறுக்க கடக்குற ஃபெர்ரில எட்ஜ புடிச்சு வெச்சுக்கிட்டா கோடு போட்ட மாதிரி அந்தப் பக்கம் போய் சேருது. முன்பக்கம் தடியா இருக்குறதால அலைக்குள்ள புகுந்தாலும் சட்டுன்னு மேல வந்துடும், மூஞ்சில அறை கம்மி. அலைல நின்னு சர்ஃப் பண்றதுக்கும் நீளம் உதவுது.

இப்ப திட்டு. பேக்பேண்ட், அதாவது முதுக தாங்குற பட்டைய இறுக்குற ராட்செட், இந்த விலைக்கு இப்படி ஒரு சாமான போட்டதுக்கு அந்த டிசைனர கூப்பிட்டு அதுலயே ஒக்கார வெக்கணும். பல்லுக்கு நடுவுல மணல் ரெண்டு துகள் மாட்டுனா போதும், புடிக்கிற மாதிரி புடிச்சுட்டு ரேபிட் நடுவுல 'டிக்'னு ஒரு பல்லு விடும், அப்பறம் இன்னொரு பல்லு. பட்டை தளர்ந்தா இடுப்பு உள்ள வழுக்குது, இடுப்பு வழுக்குனா ரோலுக்கு வேண்டிய ஸ்னாப், அந்த இடுப்பு வெட்டு, எங்கேர்ந்து வரும்? கம்பெனிக்கு எழுதுனதுக்கு 'கழுவிப் பயன்படுத்தவும்'னு பதில். மணல் இல்லாத ஆறு எங்க இருக்குன்னும் சேத்து சொல்லியிருக்கலாம். கடைசில ராட்செட்ட கழட்டிட்டு கயிறும் அத புடிச்சு நிறுத்துற கிளீட்டும் போட்டேன், இப்ப அசையல.

சீட்டு பொசிஷன் சாதாரண விஷயம் இல்ல இதுல. ஒரு இன்ச் பின்னாடி தள்ளுனா பின்பக்கம் எந்நேரமும் முங்கியே கெடக்கும், ஒரு இன்ச் முன்னாடி வந்தா எவ்ளோ முக்குனாலும் முங்காது. கம்பெனி போடுற எடை ரேஞ்ச்ல உங்க எடையோட த்ரோ பேக் (மீட்புக் கயிறு வெச்ச பை), தண்ணி பாட்டில், முதலுதவி எல்லாத்தையும் கூட்டிப் பாருங்க, மேல் வரம்ப ஒட்டி வந்தா பெரிய சைஸே எடுங்க. தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்குற ஆறுன்னா உடுப்புக்கும் சேத்து பட்ஜெட் போடணும், ஏன்னா இதுல நனையறது அதிகம், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனா அதே ரேபிட்ட ஒரு கிளாஸ் கூட்டி எண்ணிக்கச் சொல்லுவாங்க.

ஏர்பேக், அதாவது உள்ள தண்ணி ரொம்பாம காத்து அடைச்சு வெக்கிற பை, இல்லாம ஓட்டாதீங்க. 200 லிட்டருக்கு மேல கொள்ளளவு இருக்குற கயாக்குல பாதி ரொம்புனாலே 100 கிலோ, அத கரைக்கு இழுக்குறது நீங்க இல்ல, உங்க கூட வந்தவங்க, அவங்க பேசுற பேச்ச கேக்கணும். பின்பக்கம் ஒல்லியா இருக்குறதால சாதா பேக் சரியா விரியாது, ஒடுக்கமான சைஸ் தேடி வாங்கணும். ஸ்கர்ட்டும் காக்பிட் அளவுக்கு கச்சிதமா இருக்கணும், ஏன்னா பின்பக்கம் முங்குறப்ப டெக்குல தண்ணி அழுத்தம் நல்லாவே வரும். மாட்டுனதும் ஸ்கர்ட்ட கழட்ட முன்னாடி இழுக்குற லூப் வெளிய இருக்கான்னு கையால தொட்டுப் பாருங்க, கண்ணால பாத்தா போதாது.

பிளாஸ்டிக் லீனியர் பாலிஎத்திலீனா கிராஸ்லிங்க்கான்னு கேட்டு வாங்குங்க. லீனியர்னா விரிசல் விட்டா உருக்கி வெல்ட் பண்ணலாம், கிராஸ்லிங்க்ல அது நடக்காது. தண்ணி கம்மியா இருக்குற நாள்ல பின்பக்க ஓரம் பாறைல உரசிக்கிட்டே தான் வரும், என்னோடதுல அந்த ஓரம் இப்பவே பஞ்சு பஞ்சா பிரிஞ்சு நிக்குது. வெல்ட் பண்ற அளவுக்கு இன்னும் போகல.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு, அந்த ஒண்ணு ராட்செட்டுக்குப் போச்சு. வாங்குறவங்க கடைல தரைல வெச்சு ஒக்காந்து பாத்துட்டு காச நீட்டாதீங்க, யாருகிட்டயாவது எரவல் வாங்கி ஒரு தடவ ஆத்துல முழுசா ஓட்டுங்க. முன்பக்கம் தடியா இருந்தாலும் ஷூ போட்டா பாதத்துக்கு உள்ள எடம் பத்தல, எனக்கு பாதி வழில வலது கால் மரத்துப் போயிடும், அதனால இப்ப மெல்லிசான சோல் ஷூவுக்கு மாறியாச்சு.