கூத்து மத்தளமும் சைட்செயினும்: ரீப்பரில் நாலு வருசம்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டின் பின்னறையில் கூத்துப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து மிக்ஸ் பண்ணி வருகிறேன். 2021 இல் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 டொலர் சலுகை விலைக்கு வாங்கினேன். ஆறாம் பதிப்புக்குக் கட்டிய அந்தக் காசிலேயே 2023 இல் வந்த ஏழாம் பதிப்பும் ஓடுகிறது. ஆனால் நான் எழுத வந்தது அதோடு வரும் ரியாகொம்ப் என்ற கொம்ப்ரெசரைப் பற்றி, அதாவது ஒலி ஓர் அளவைத் தாண்டினால் அதைத் தாழ்த்தும் கருவியைப் பற்றி.

முதல் வருசம் படுவான்கரையில் பதிந்து வந்த வடமோடிக் கூத்துப் பாட்டொன்றுக்கு சின்த் பேஸும் (சின்தசைசரின் கீழ்ச்சுர ஒலி) ஆர்மோனியமும் சேர்த்தேன். மத்தளம் அடித்த, கூத்து ஆசிரியரான அண்ணாவியாரின் வீட்டு செட்டிலேயே போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார். "பாட்டு நல்லம் மனே. நான் அடிச்ச அடி எங்க?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

மத்தளத்தின் இடப்பக்கமான இடந்தலையின் தடித்த அடியும் பேஸும் ஒரே கீழ்ப்பகுதியில் மோதின. மத்தளத்தைக் கூட்டினால் பாடகரின் குரல் அமுங்கியது. அடி விழும் கணத்தில் மட்டும் பேஸ் ஒதுங்கி நிற்க வேண்டும். சைட்செயின் செய்வது அதைத்தான். ஒரு ட்ராக்கின் ஒலியைக் கேட்டு இன்னொன்றைத் தாழ்த்தும்.

மத்தள ட்ராக்கின் ரூட் பட்டனை பேஸ் ட்ராக்குக்கு இழுத்துவிட்டு, அப்போது உருவாகும் சென்ட் (ஒலியை அனுப்பும் வழி) போகும் இடத்தை 3/4 சனலாக மாற்ற வேண்டும். அதை 1/2 இல் விட்டால் மத்தளம் பேஸ் ட்ராக்கிலும் இரட்டையாகக் கேட்கும். நான் ஒரு கிழமை அதில்தான் மாட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பேஸில் ரியாகொம்ப்பைப் போட்டு, டிடெக்டர் இன்புட்டை (எந்த ஒலியைக் கேட்டுத் தாழ்த்துவது என்பதை) ஒக்சிலரிக்கு, அதாவது அந்த 3/4 சனலுக்கு மாற்றினால் வேலை தொடங்கும். என் அளவுகள்: ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4, அட்டாக் (இறங்க எடுக்கும் நேரம்) 2 மில்லிசெக்கன், ரிலீஸ் (திரும்ப எழும்ப எடுக்கும் நேரம்) 120 முதல் 180 வரை. பேஸ் 4 டெசிபல் அளவில் இறங்கினால் எனக்குப் போதும்.

டெம்போவோடு பூட்டி வொலியூமை வளைக்கும் பிளகின்களையும் பார்த்தேன். நடன இசைக்கு அவை அருமை. கூத்துக்குச் சரிவராது. எங்கள் பாட்டு ஒரே வேகத்தில் தட்டும் கிளிக்குக்குப் பாடப்படுவதில்லை, ஆட்டம் சூடேற ஏறத் தாளமும் ஓடும். இரண்டாவது நிமிடத்திலேயே மென்பொருளின் தாளக் கட்டம் விலகி, அடி ஒரு பக்கம், பேஸ் இறங்குவது இன்னொரு பக்கம் என்றாகிவிடும். சைட்செயின் கட்டத்தைப் பார்ப்பதில்லை, அண்ணாவியாரின் கையைக் கேட்கிறது. நாலு வருசமாக நான் இதை விடாமல் வைத்திருப்பதற்கு முழுக் காரணம் இதுதான்.

பெரிய தொல்லை சல்லரி என்ற கைத்தாளத்தால் வந்தது. கூத்தாடும் களரியில் மத்தளத்துக்கு வைத்த மைக்கில் சல்லரியும் விழும். ஒவ்வொரு சல்லரி ஒலிக்கும் பேஸ் துடித்தது. ரியாகொம்ப்பில் டிடெக்டருக்கென்றே கீழ் ஒலிகளை மட்டும் விடும் லோபாஸ் ஃபில்டர் இருக்கிறது. அதை 150 ஹேர்ட்ஸுக்கு இறக்கினேன். ப்ரிவியூ ஃபில்டரை அழுத்தினால் டிடெக்டர் எதைக் கேட்கிறது என்று நாமும் கேட்கலாம். இடந்தலை மட்டும் "தொம்" என்று தனியே வந்தபோது அறையில் எழுந்தே நின்றுவிட்டேன். ஃபில்டர் போட்டபின் உள்ளே போகும் ஒலி மெலியும், கொம்ப்ரெசர் வேலை தொடங்கும் அளவான த்ரெஷோல்டை இன்னும் கீழே இறக்க மறக்க வேண்டாம்.

சென்டை ப்ரீஃபேடராக, அதாவது ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே ஒலியை எடுப்பதாக வையுங்கள். இல்லையென்றால் மத்தள ஃபேடரை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் பேஸின் ஒதுக்கமும் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருசத்துக்கு மேல் போனது.

குரல் வரும்போது ஆர்மோனியம் ஒதுங்கவும் இதே வழிதான், ஆனால் மெதுவாக: ரேஷியோ 2, அட்டாக் 25, ரிலீஸ் 300, இறக்கம் 2 டெசிபல். அதற்கு மேல் போனால் ஆர்மோனியம் மூச்சு வாங்குவது வெளியே தெரிந்துவிடும்.

இன்னும் முழுசாகத் தீராதது தாளக்கட்டு வேகமாகும் கடைசிப் பகுதி. அடிகள் நெருங்கும்போது பேஸ் எழும்பி வர நேரமின்றித் தாழ்ந்தே கிடக்கிறது. இப்போது அந்த இடங்களில் ரிலீஸுக்கு ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போது அளவை மாற்றும் கோடு) வரைந்து 80 வரை குறைக்கிறேன். எல்லாவற்றையும் கையால்தான் வரைய வேண்டும், ஒரு பாட்டுக்கு அரை நாள் போகிறது. போன மாதம் முடித்த பாட்டில் அந்த வேக அடிகள் ஒவ்வொன்றையும் அண்ணாவியார் தொடையில் தட்டி எண்ணிக் கேட்டார். இரண்டு இடத்தில் கையை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்த இரண்டையும் அன்றிரவே திருத்தினேன்.