‘பர்மா வீட்டுச் சங்கு’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

சென்ற மாதம் ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம் ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீந்திக் கடலடியைப் பார்ப்பது) போய் வந்ததிலிருந்து சங்குகளின் மேல் பிடித்த பித்தினால், காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றில் 9,000 ரூபாயை இழந்ததோடு, வழக்கிலும் சிக்கியிருக்க வேண்டியவன் நான்.

கடலில் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும். ஆளுயரத் தண்ணீரில் மணலில் பாதி புதைந்து, பாசி படிந்த கல்லைப் போலக் கிடந்த ஒன்று மெல்ல நகர்ந்தது. முதுகில் கொம்பு கொம்பாகப் புடைப்புகள்; ஓட்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு சிறிய கண்கள். ‘ஹார்ன்ட் ஹெல்மெட்’ எனப்படும் காசிஸ் கார்நூட்டா என்ற சங்கு அது என்றும், கடல்முள்ளெலிகளைத் தின்று வாழ்வது என்றும் கூட வந்த வழிகாட்டி பிறகு கரையில் விளக்கினார். நான் கையை நீட்டியபோது தடுத்து, தலையை நீருக்கு மேலே தூக்கி, “பாக்கலாம் சார், தொடக் கூடாது” என்றார்.

அதே வகைச் சங்கை ஒரு வாரம் கழித்துக் காரைக்குடிக் கடையின் கண்ணாடி அலமாரியில் கண்டதும் கால் நகரவில்லை. அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில், நெய் தடவியதுபோலப் பளபளத்தது. அரசு தடை செய்ததல்லவா என்று கேட்டேன். “அது இப்ப பிடிக்கிறதுக்குத்தாண்ணே தடை. இது அறுபது வருசத்துக்கு முன்னால செட்டியார் வீட்டுல பர்மாவுலேருந்து கொண்டாந்தது” என்று கடைக்காரர் தயக்கமின்றிச் சொல்லி, பில்லும் போட்டுக் கொடுத்தார். ரங்கூன் தேக்கும் பர்மா சாமான்களும் வீட்டுக்கு வீடு இருக்கிற ஊரில் அந்தக் கதையை யார்தான் சந்தேகிப்பார்கள்?

மூன்றாம் நாள் அப்பத்தா, “ஏப்பா, வளவுல எலி ஏதும் செத்துக் கெடக்கா?” என்று கேட்டார்கள். தேடிப் பார்த்தபோது சங்கின் வாயிலிருந்து பழுப்பு நீர் கசிந்து, ஆத்தங்குடிக் கல்லில் கறையாகப் படிந்திருந்தது. கம்பியை விட்டு நெம்பியதில் அழுகிய சதையும், உயிரோடிருக்கும்போது சங்கின் வாய்ப்பக்கம் இருக்கும் பழுப்பு மூடியும் வெளியே வந்தன. அறுபது வருடச் சங்கில் சதை ஏது?

பில்லை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன்: “பீங்கான் அலங்காரப் பொருள் – 1”. வக்கீலாக இருக்கும் நண்பரைக் கேட்டபோது, இந்தச் சங்கு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டது என்றும், உண்மையிலேயே பழையதாக இருந்தாலும் உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்றும், சான்று இருந்தாலும்கூட விற்க முடியாது என்றும், குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு சிறை என்றும் சொன்னார். அன்றே அவரோடு போய், நடந்ததை எழுதிக் கொடுத்து, பில்லோடு சங்கையும் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்தேன். பணத்தைக் கேட்டபோது, “நான் வித்தது பீங்கான், நீங்க எதைக் கொண்டுபோய்க் குடுத்தீங்களோ” என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அவர் பின்னாலிருந்த அலமாரியில், அதே இடத்தில் இன்னொரு சங்கு ஆரஞ்சு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது.