அமெரிக்கக் கல்லூரிப் பயிற்றுநர்களுக்கு எழுதித் தரும் சேவை: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பு நகரில் வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டும் நிறுவனமொன்று, பாடசாலை விளையாட்டு வீரர்களுக்கெனத் தனிச் சேவையொன்றை அண்மைக்காலமாக விற்று வருகிறது. பிள்ளையின் பெறுபேறுகளையும் காணொளியையும் திரட்டி, ஐக்கிய அமெரிக்கக் கல்லூரிகளின் பயிற்றுநர்களுக்கு அனுப்பி, விளையாட்டுப் புலமைப்பரிசிலுக்கு வழி திறந்துவிடுவதாக அவர்கள் சொல்கிறார்கள். ஈட்டி எறிதலில் மாகாண மட்டம் வரை சென்ற என் தமக்கையின் மகளுக்காக இச்சேவையைப் பெற்றோம். உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் கடிதங்களையும் ஒப்பந்தத்தையும் நானே வாசித்தேன். ஆவண வேலை நன்று, கடித வேலை மோசம், ஒப்பந்தத்தின் ஒரு நிபந்தனை ஆபத்தானது என்பதே என் முடிவு.

முதலில் நல்லது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதியை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதலாம், இரண்டாம் பிரிவுகளில் போட்டியிட விரும்பும் மாணவர், அதன் தகுதிகாண் நிலையத்தில் பதிவுசெய்து 16 அடிப்படைப் பாட அலகுகளைக் காட்ட வேண்டும். முதலாம் பிரிவுக்கு அவற்றுள் 4 ஆண்டு ஆங்கிலமும் 3 ஆண்டு கணிதமும் அடங்க வேண்டும். சாதாரண தரப் பெறுபேற்றுத் தாள் மட்டும் போதும் என்று எண்ணிவரும் பெற்றோரிடம், தரம் 9 முதலான பாடசாலைப் புள்ளி அறிக்கைகளையும் இந்நிறுவனத்தார் கேட்டு வாங்குகிறார்கள். தமிழிலுள்ள ஆவணங்களை வரிக்கு வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுக்கிறார்கள். இந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கான வகுப்பையும் சேர்த்து விற்க முயன்றது வேறு விடயம். தன் தகுதி நிபந்தனைகளிலிருந்து அப்பரீட்சையை என்.சி.ஏ.ஏ. 2023 இலேயே நீக்கிவிட்டது என்பதையும், சில கல்லூரிகள் மட்டும் தம் சேர்க்கைக்காக அதைக் கேட்கின்றன என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

கடிதத்துக்கு வருகிறேன். நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், பெண் பயிற்றுநர்களையும் ‘ஐயா’ என்று விளித்து, பல கல்லூரிகளின் முகவரிகளை ஒரே வரியில் அடுக்கி, ‘சிறுவயது முதலே விளையாட்டில் ஆர்வமுடையவர்’ என்று தொடங்கியது. நாளாந்தம் இத்தகைய கடிதங்கள் வந்து குவியும் ஒரு பயிற்றுநர் முதற்பார்வையில் தேடுவது வேறு: பெயர், நாடு, பாடசாலைக் கல்வி முடியும் ஆண்டு, போட்டி நிகழ்வு, சிறந்த பெறுபேறு, அது எட்டப்பட்ட போட்டியும் திகதியும். இவை மின்னஞ்சலின் தலைப்பிலும் முதல் மூன்று வரிகளிலும் இருந்துவிட வேண்டும். அதன்பின் காணொளி இணைப்பு, கல்விப் பெறுபேறு, பாடசாலைப் பயிற்றுநரின் தொடர்பிலக்கம், வரவிருக்கும் போட்டிகள், ஏன் அந்தக் கல்லூரி என்பதற்கு அந்தக் கல்லூரிக்கே பொருந்தும் ஓரிரு வாக்கியங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய குறை, எறிந்த தூரத்தை எழுதியவர்கள் ஈட்டியின் நிறையை எழுதாமல் விட்டது. 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேச நிறை 500 கிராம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் எறிவது 600 கிராம். ஆண்களுக்கு இது முறையே 700, 800 கிராம். நிறை குறிப்பிடப்படாத தூரத்தைக் கொண்டு எந்தப் பயிற்றுநரும் எதையும் மதிப்பிட முடியாது. ஓட்ட வீரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு: நம்முடைய வலயமட்டப் போட்டிகள் பலவற்றில் நேரம் கைக்கடிகாரத்தால் எடுக்கப்படுகிறது, அத்தகைய 100 மீற்றர் நேரத்தை மின்னியல் நேரத்துடன் ஒப்பிட வேண்டுமானால் 0.24 செக்கன் கூட்டிப் பார்ப்பதே வழக்கம். நேரம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்று நாமே எழுதிவிட்டால் நம்பிக்கை கூடும். காணொளியையும் முதலில் பாட்டும் மின்னும் எழுத்துகளுமாகவே செய்து தந்தார்கள். ஓட்டத் தொடக்கம் முதல் ஈட்டி கையை விட்டு நீங்கும் வரை பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வெட்டாமல் காட்டுங்கள் என்று கேட்டபோது, முகம் சுளிக்காமல் திருத்தினார்கள்.

நிறுவனத்தின் முகவரியிலிருந்தே கடிதம் போனதால் பதிலும் அங்கேயே வந்தது. ஒரு கல்லூரி அனுப்பிய விபரத் திரட்டுப் படிவத்தை, ‘பிள்ளை தெரிவாகிவிட்டார்’ என்று தொலைபேசியில் அறிவித்தார்கள். வீட்டில் பாற்சோறு ஆக்காத குறை. அந்தப் படிவத்தைக் கல்லூரி விளையாட்டுத் தளங்களில் யாரும் நிரப்பலாம். முதலாம் பிரிவில், பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த பின்வரும் ஜூன் 15க்கு முன்னர் பயிற்றுநர் தனிப்பட்ட பதில் எழுதவோ அழைக்கவோ விதி இடந்தராது. படிவமும் பயிற்சி முகாம் விளம்பரமும் அனுப்பலாம். மாணவர் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். ஆகவே மௌனத்தை மறுப்பாகவோ, படிவத்தை அழைப்பாகவோ கொள்ளக் கூடாது. பயிற்றுநர்களின் மின்னஞ்சல் முகவரிகள் அவரவர் கல்லூரித் தளத்தின் ஊழியர் பட்டியலிலேயே கிடைக்கின்றன என்பதால், முகவரிக்காகக் காசு கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

நிறுவனத்தின் கல்லூரிப் பட்டியலிலும் கவனக்குறைவு தெரிந்தது. ‘முழு விளையாட்டுப் புலமைப்பரிசில்’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் சில இருந்தன. அப்பிரிவில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது, கல்வித் திறமைக்கோ குடும்ப வருமானத்துக்கோதான் உதவி கிடைக்கும். மறுபுறம், விளையாட்டு உதவித்தொகை வழங்கும், என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறோர் அமைப்பைச் சேர்ந்த கல்லூரிகளும் ஈராண்டுக் கல்லூரிகளும் பட்டியலில் இல்லவே இல்லை. நடுத்தரப் பெறுபேறுள்ள நம் பிள்ளைகளுக்கு அங்கேதான் வாய்ப்பு கூடுதல் என்பது என் எண்ணம். ஒரு கல்லூரி அணியின் கடந்த ஆண்டுப் போட்டி முடிவுகளை இணையத்தில் பார்த்தால், தன் தூரம் அங்கே எந்த இடத்தைப் பிடிக்கும் என்று பிள்ளையே கணித்துவிடலாம்.

அமெரிக்கப் பயிற்றுநர் என்றாலே இவ்வூரில் ஒரு மதிப்பு உண்டு. இங்கு பணியாற்றிய அமெரிக்கத் துறவி வெபர் அடிகளாரின் பெயரிலேயே நமது மைதானம் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தை வளர்த்து, 1990 இல் காணாமற்போன, அவரைப் போலவே அமெரிக்கரான ஹெபர்ட் அடிகளாரை மூத்தவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்த மதிப்பை முதலாக்கி விற்பவர்களிடம் கேள்வி கேட்கப் பெற்றோர் தயங்கக் கூடாது.

எல்லாவற்றிலும் பாரதூரமானது ஒப்பந்தத்திலிருந்த ஒரு வரி: முற்கட்டணத்துக்கு மேலாக, கிடைக்கும் உதவித்தொகையில் ஒரு விழுக்காட்டை நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டும். மாணவரை அறிமுகப்படுத்தும் சேவைக்குக் கட்டணம் கொடுப்பதை என்.சி.ஏ.ஏ. தடுக்கவில்லை, ஆனால் உதவித்தொகையுடன் இடம் பெற்றுக் கொடுப்பதைப் பொறுத்து அக்கட்டணம் அமையுமானால், பிள்ளையின் தொழில்சாரா வீரர் தகுதிக்கே அது கேடாகலாம். இந்த வரியை நீக்கினால்தான் கையொப்பம் என்றோம். சற்று இழுபறிக்குப் பின் நீக்கினார்கள். மற்றவர்களின் ஒப்பந்தங்களில் அது இன்னும் இருக்கக்கூடும்.

இப்போது கடிதத்தை மருமகளே தன் முகவரியிலிருந்து, கல்லூரிக்கு ஒன்றாக எழுதுகிறாள். ஆங்கிலத்தை நான் திருத்துகிறேன், கருத்தைத் தொடுவதில்லை. இலக்கணப் பிழை ஓரிரண்டு இருந்தாலும் பிள்ளையின் குரல் கேட்கும் கடிதமே நல்லது. பயிற்றுநர் அழைக்க விரும்பினால் நேரத்தையும் நாமே முன்மொழியலாம்: கோடைகாலத்தில் நியூயோர்க்கில் காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. பேசும்போது பெற்றோர் அருகில் இருக்கலாம்; பதிலைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கும் காணொளிக்கும் மட்டும் கட்டணம் பெறுவீர்களா என்று பின்னர் கேட்டுப் பார்த்தேன். பிரித்து விற்பதில்லை என்றார்கள். அப்படியானால் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பக்கத்துப் பெற்றோர் இதற்காக மட்டக்களப்புக்கு வர வேண்டியதில்லை. ஆவணங்களைத் தத்தம் ஊரிலுள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கலாம், காணொளியைப் பயிற்சியின்போது கைத்தொலைபேசியில் எடுக்கலாம், கல்லூரி விண்ணப்பம் பற்றிய ஐயங்களைக் கொழும்பிலுள்ள அமெரிக்க–இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.