வலது சில்லைத் திறக்காமலே காசு வாங்கினார்கள்

கிளிநொச்சியில், ஏ9 வீதி ஓரத்துக் கராஜ் ஒன்றில் 41,500 ரூபா கொடுத்து ஏமாந்த கதை இது. கராஜின் பெயரை எழுதப் போவதில்லை. முன்சில்லுப் பக்கம் சத்தம் கேட்கிறது என்று காரை எங்கேயாவது விட இருக்கிறவர்கள், விட முன்னம் இதை வாசித்துவிடுங்கள்.

என்னுடையது 2003ஆம் ஆண்டுக் கொறோலா 121. முத்தையன்கட்டில் சொந்தக்காரர் வீட்டுச் சாமத்தியவீட்டுக்குப் போய் வந்தோம். உள்பாதை முழுக்கக் கிரவல். அடுத்த நாள் காலை புதுக்குடியிருப்பில் காரை எடுத்ததும், தகரத்தில் கத்தி தீட்டுவது போல முன்னுக்கு ஒரு கிறீச்சல். மெதுவாகப் போனால் விட்டு விட்டு, வேகம் கூடினால் விடாமல். இடமா வலமா என்று பிடிபடவில்லை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு இரண்டு நாள் ஓடினேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கராஜில் இருந்தவர் காரை ஓட்டிப் பார்க்கவில்லை. இடது சில்லை ஜாக்கில் தூக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, "பெயரிங் போயிட்டுது அண்ணை. ஒண்டு போனா மற்றதும் போகும், ரெண்டையும் மாத்துவம்" என்றார். பெயரிங் என்றால் சில்லு இலகுவாகச் சுழல உள்ளே குண்டுகள் வைத்த வளையம். ஜப்பான் பெயரிங் இரண்டு 29,000, கூலி 9,000, அலைன்மென்ட் 3,500. பில் கேட்டதற்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். பழைய பெயரிங்குகளைக் கேட்டேன். "இரும்புக்காரன் கொண்டு போயிட்டான்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும்போதும் அதே சத்தம். போன் எடுத்தேன். "புதுப் பெயரிங் அண்ணை, ஓட ஓட அடங்கும்" என்று பதில் வந்தது. பெயரிங் புதிதாக இருக்கும்போது சத்தம் போட்டு, ஓடின பிறகு அடங்குவதாக எந்த ஊரிலும் இல்லை. அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு கிழமை கழித்து விசுவமடுவில் ரயர் காற்றுப் போனது. ஒட்டுக்கடை ஐயா என் கார் உருண்டு வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கிரவல் ரோட்டால போனனீரோ தம்பி?" என்றார். ஆணி ஏறியிருந்தது பின் ரயரில். அதை ஒட்டி முடித்த கையோடு, நான் கேட்காமலே வலது முன்சில்லைக் கழற்றினார். பிறேக் டிஸ்க்குக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று இருக்கும், தூசி மறைப்பதற்கு. அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவில் கச்சான் பருப்பு அளவில் ஒரு கல். ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்றிருந்தது. ஸ்குறூ டிறைவரால் தகட்டை நெம்ப, கல் நிலத்தில் விழுந்தது. சத்தம் போயே போய்விட்டது. 500 ரூபா கொடுத்தேன். ரயர் ஒட்டின காசை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பொறி தட்டியது. பெயரிங்கை எடுக்க வேண்டுமானால் டிஸ்க்கைக் கழற்றாமல் முடியாது. டிஸ்க்கைக் கழற்றியிருந்தால் அந்தக் கல் அன்றே விழுந்திருக்கும். அப்படியென்றால் வலது பக்கத்தை இவர்கள் தொடவே இல்லை!

இதற்குள் இடது பக்கத்தில் வேறொரு சத்தம் தொடங்கியிருந்தது. கிறீச்சல் இல்லை, ஊம் என்ற இரைச்சல். 40இல் இலேசாக, 70இல் பேச்சுக் கேட்காத அளவுக்கு. நியூற்றலில் விட்டு உருட்டினாலும் குறையவில்லை, ஆகவே எஞ்சின் இல்லை. ரயர்களை முன்பின் மாற்றிப் போட்டேன், சத்தம் இடத்தை விட்டு அசையவில்லை, ஆகவே ரயரும் இல்லை. ஓடும்போது ஸ்ரியறிங்கை இலேசாக வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடது சில்லில் விழும், அப்போது இரைச்சல் கூடியது. இதுதான் உண்மையான பெயரிங் சத்தம். முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக்கென்றால் சில்லைச் சுற்றுகிற தண்டின் மூட்டான சிவி ஜொயின்ட்டைப் பாருங்கள். பள்ளத்தில் விழும்போது மட்டும் தட்டினால் சில்லைத் தாங்குகிற பகுதியில் உள்ள பால் ஜொயின்ட் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க். இந்த வித்தியாசமெல்லாம் 41,500 ரூபாவுக்குப் பிறகு படித்தவை.

நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியாவுக்குக் கொண்டு போனேன். அங்கே பார்த்தவர் முதலில் என்னைப் பக்கத்தில் இருத்தி ஓட்டிப் பார்த்தார். அப்புறம் இரண்டு சில்லையும் கழற்றி, நடுவில் இருக்கிற பெரிய நட்டைக் காட்டினார். இறுக்கிய பிறகு அது தானாகக் கழராமல் இருக்க, அதன் விளிம்பை ஓரிடத்தில் உள்ளே தட்டி மடித்திருப்பார்கள். பெயரிங் மாற்ற அந்த மடிப்பை நிமிர்த்தியே ஆக வேண்டும். இடது நட்டில் புதிதாக உளி பட்ட வெள்ளைக் காயம். வலது நட்டில் பழைய மடிப்பு அப்படியே, மேலே செந்நிறத் துரு. போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

இடது பெயரிங்கையும் பிறெஸ் மிஷினில் வைத்து அழுத்தி ஏற்றவில்லை, சுத்தியலால் அடித்து ஏற்றியிருந்தார்கள். குண்டுகள் வழியாக அடி போனால் அவை ஓடுகிற பாதை குழி விழுந்துவிடும், அதுதான் இரைச்சல். கழற்றின வளையத்தின் விளிம்பில் அடித்த தடம் இருந்தது. ஜப்பான் என்று விற்றதில் எந்தக் கம்பனியின் எழுத்தும் இல்லை. நல்லாய் ஓடிக்கொண்டிருந்த பெயரிங்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

படத்தோடு கிளிநொச்சிக்குப் போனேன். "பெடியன் பிழையாச் சொல்லிப்போட்டான் அண்ணை" என்று 10,000 ரூபாவை மேசையில் வைத்தார். அதற்கு மேல் ஒரு சதமும் பெயரவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், ஆனால் கலண்டர் தாளை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சபையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நான் விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டும்.

இடது பக்கம் இப்போது வவுனியாவில் போட்ட பெயரிங். கழற்றினதைக் கேட்க முன்னமே பையில் போட்டுத் தந்தார்கள், கையில் வைத்துச் சுற்றினால் கறகறவென்கிறது. வலது பக்கம் பழைய பெயரிங்தான், 14,500 ரூபா கொடுத்தும் மாறாதது. ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிறது.