சீற்றா, ஓடா? மட்டக்களப்புக் கல்லடியில் கூரை மாற்றியவரின் கணக்கு

போன ஆவணியில் எங்கள் கூரையை அஸ்பெஸ்டஸ் சீற்றிலிருந்து ஓட்டுக்கு மாற்றினோம். அதிலிருந்து வீடு கட்டுகிற சொந்தக்காரர் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். நான் ஓட்டுப் பக்கம்.

காசைப் பார்த்தால் சீற்தான் மலிவு. மரமும் குறைவாகப் போகும். வெக்கைக்கு ஓடு நல்லது. இது எல்லாருக்கும் தெரியும்.

தெரியவேண்டியது தூசியைப் பற்றி. சீற்றில் பெரும்பங்கு சிமெந்து, அதை இறுக்கிப் பிடிப்பது வெள்ளைக் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ் நார். உடையாமல் கிடக்கும் சீற்றால் ஆபத்து குறைவுதான். ஆனால் எந்தக் கூரை சும்மா கிடக்கிறது? சுனாமிக்குப் பிறகு கட்டிய எங்கள் வீட்டில் தேங்காய் விழுந்து இரண்டு தரம் உடைந்தது. பாசியை வயர் பிரஷ்ஷால் தேய்த்தோம். அன்டெனாவுக்குத் துளைத்தோம். ஒருமுறை மேசன் கிறைண்டரால் வெட்டி முடித்தபோது அவருடைய புருவம் நரைத்ததுபோல் இருந்தது. கொடியில் காய்ந்த மகளின் பள்ளிச் சட்டையை நான் உதறி மடித்து வைத்தேன். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் புற்றுநோயாக வெளிப்பட 20, 30 வருடம்கூட எடுக்கும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நீலக் கல்நாரை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. வெள்ளைக்கு 2018இலிருந்து தடை வரவிருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலையில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. கல்நார் விற்பதும் அதே நாடுதான். அரசு தடையிலிருந்து பின்வாங்கியது. தோட்டத் தொழிலாளரின் சோறும் முக்கியம்தான், ஆனாலும் எங்கள் மேசன்மாரின் மூச்சை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஓடு உடைந்தால் அந்த ஒன்றை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். பூனை நகர்த்தினால் ஒழுகும், கைமரத்தைக் கறையான் பிடிக்காமல் பார்க்கவேண்டும். 1978 சூறாவளியில் ஓடு பறந்ததை அம்மா இன்றும் சொல்லுவா. அதனால் ஓர வரிசைகளை ஓடாவியை (தச்சரை) கொண்டு கம்பியால் கட்டுவித்தோம். ஒரு மாரிதான் கண்டிருக்கிறேன், பெரும் புயலுக்கு நிற்குமென்று சத்தியம் பண்ணமாட்டேன்.

கழற்றிய சீற்றை ஆட்டுக் கொட்டிலுக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. தண்ணீர் தெளித்து, உடைக்காமல் இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றினோம். குப்பை வண்டியில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். 46 சீற், வளவு மூலையில் இன்னும் கிடக்கிறது.